ஒரு பஸ் இரண்டு பஸ் ஆகும்போது
பஸ் ரூட் மாற்றம் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



சமீப காலமாக நம் கூட்டங்களில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்ததும் எழும் பேச்சு பஸ்ஸைப் பற்றித்தான். "பிராட்வே ஸ்டாண்டை இடிச்சுட்டுப் புதுசா கட்டப் போறாங்களாமே, நம்ம பஸ் எங்கேருந்து கிளம்பும்?" "மெட்ரோ வந்துடுச்சு, பஸ்ஸைக் குறைச்சிடுவாங்களா?" "நேரா போற பஸ்ஸை பாதியில நிறுத்திட்டா, கூடையோட எப்படி மாறி ஏறுறது?" எல்லாமே நியாயமான கேள்விகள். வேலை, ஆஸ்பத்திரி, பிள்ளைகள் படிப்பு, சந்தை என்று நம் வாழ்க்கையே பஸ்ஸை நம்பித்தான் ஓடுகிறது.

ரூட்டை மாற்றுவது நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. நமக்கு லாபமா நஷ்டமா என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, நாம் இறங்கி மாறும் இடம் எப்படி இருக்கிறது? இன்னொன்று, அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் வருகிறது? இந்த இரண்டையும் கேட்கக் கற்றுக்கொண்டால் போதும், எந்த மாற்றத்தையும் நாமே எடைபோட்டுப் பார்க்கலாம்.

நம் பகுதி ஒரு நீண்ட பட்டை

ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, தண்டையார்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர் வரை நம் பகுதி ஒரு பட்டை மாதிரி நீண்டு கிடக்கிறது. கிழக்கே கடல். மேற்கே ரயில் பாதையும் பக்கிங்காம் கால்வாயும். நடுவில் இருக்கும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையையும் கடலோரச் சாலையையும் விட்டால் வடக்கு தெற்காகப் போக வேறு பெரிய வழி கிடையாது. அதே சாலைகளில்தான் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளும் வரிசை கட்டி நிற்கின்றன.

ரூட்டுகள் போடப்பட்ட காலத்தில் மக்கள் போன இடங்கள் தெளிவாக இருந்தன. ஒரு பக்கம் பாரிமுனை. இன்னொரு பக்கம் எண்ணூர், திருவொற்றியூர், மணலி ஆலைகளின் ஷிப்ட். 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1994-ல் அதைப் பிரித்து வடசென்னைக்கு டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் அமைத்தார்கள். 2001-ல் மறுபடியும் எல்லாம் ஒன்றாகி, மாநகர் போக்குவரத்துக் கழகம் (எம்.டி.சி.) ஆனது. கழகத்தின் பெயர் இத்தனை முறை மாறினாலும் பாரிமுனைக்கே போய்ச் சேரும் ரூட் அமைப்பு பெரிதாக மாறவில்லை.

ஊர்தான் மாறிவிட்டது. 2011-ல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டர் ஆனது. இன்றைக்கு நம்மில் பலர் போவது பாரிமுனைக்கு மட்டுமா? ஸ்டான்லி ஆஸ்பத்திரி, ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி, மணலி, மாதவரம், மூலக்கடை, பெரம்பூர் என்று குறுக்கும் நெடுக்குமாகப் போகிறோம். வடக்கு தெற்காகப் போக பஸ் கிடைத்தாலும், கிழக்கு மேற்காகப் போகிறவர்கள்தான் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

மெட்ரோ வந்த பிறகு

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை சுமார் 9 கிலோமீட்டர் மெட்ரோ பாதைக்கு 2016-ல் வேலை தொடங்கி, 2021 பிப்ரவரி 14 அன்று ரயில் ஓட ஆரம்பித்தது. திருவொற்றியூர் தேரடி, விம்கோ நகர் பணிமனை நிலையங்கள் 2022 மார்ச்சில் திறந்தன. சென்னை கடற்கரையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயில் நமக்கு எப்போதும் உண்டு. அதில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று எல்லாம் நம் ஊர் ஸ்டேஷன்கள்.

ஆக நம் பகுதியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே திசையில் ஓடுகின்றன. "மெட்ரோ ஓடுற அதே ரோட்டுல அதே தூரத்துக்கு பஸ்ஸும் ஓடணுமா? சில பஸ்ஸை எடுத்து மெட்ரோ இல்லாத தெருக்களுக்கு விடலாமே?" என்று திட்டம் போடுகிறவர்கள் கேட்பார்கள். கேள்வியில் தவறில்லை. அந்த பஸ் நிஜமாகவே அந்தத் தெருக்களுக்கு வருகிறதா என்பதில்தான் நாம் கண்ணாக இருக்க வேண்டும்.

மூணு பஸ் ஏன் ஒண்ணா வருது?

"அரை மணி நேரம் பஸ்ஸே வராது, வந்தா மூணும் ஒண்ணா வரும்" என்று நாம் திட்டாத நாள் இல்லை. இதற்குக் காரணம் டிரைவர் மட்டும் அல்ல.

முதல் பஸ் லாரி நெரிசலில் ஐந்து நிமிடம் மாட்டிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் சேர்ந்துவிடும். எல்லாரும் ஏறி இறங்க இன்னும் நேரமாகும், பஸ் இன்னும் தாமதமாகும். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஸ்டாப்பில் ஆளே இருக்காது. அது வேகமாக வந்து முதல் பஸ்ஸைப் பிடித்துவிடும். ரூட் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு இந்தத் தொல்லை அதிகம். தடம் எண் 1 என்றால் திருவொற்றியூர் – திருவான்மியூர், 101 என்றால் திருவொற்றியூர் – பூந்தமல்லி என்று நமக்கு மனப்பாடம். இப்படி ஊருக்குக் குறுக்கே போகும் நீளமான ரூட்டில் எங்கே நெரிசல் வந்தாலும் கடைசி ஸ்டாப்பில் நிற்பவருக்குத்தான் கஷ்டம்.

ஆகவே நீள ரூட்டை வெட்டிச் சின்னதாக்கி, நடுவில் மாறும் இடம் வைக்கலாம் என்ற யோசனை உலகத்தில் பல ஊர்களில் வந்திருக்கிறது. பெரிய சாலையில் அடிக்கடி ஓடும் பஸ்ஸை முதன்மைப் பஸ் என்றும், தெருக்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கும் பஸ்ஸை இணைப்புப் பஸ் என்றும் சொல்வார்கள். சென்னையில் 2013 அக்டோபரில் தொடங்கிய சிறிய பஸ்கள் இந்த இணைப்பு வேலைக்காக வந்தவைதான்.

ஒரு சின்னக் கணக்கு

உதாரணமாக ஒரு பஸ் போய்த் திரும்ப, ஓய்வு நேரத்தோடு சேர்த்து 135 நிமிடம் ஆகிறது என்று வைப்போம். அந்த ரூட்டில் 9 பஸ் இருந்தால் 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும். ரூட்டைப் பாதியாக வெட்டினால் அதே 9 பஸ் ஏழரை நிமிடத்துக்கு ஒன்று வரும். மீதிப் பாதித் தூரத்துக்கு மெட்ரோவிலோ இன்னொரு பஸ்ஸிலோ போக வேண்டும்.

இப்போது நாம் நிற்கும் நேரத்தைப் பாருங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாக ஏழரை நிமிடம் நிற்போம். ஏழரை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சுமார் 4 நிமிடம். இரண்டாவது பஸ்ஸும் அதே மாதிரி அடிக்கடி வந்தால் அங்கேயும் 4 நிமிடம். மொத்தம் 8. பழைய நேரமேதான், பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் இரண்டாவது பஸ் அரை மணிக்கு ஒன்று என்றால்? அங்கே மட்டும் சராசரியாக 15 நிமிடம். மொத்தம் 19 நிமிடம், அதோடு நடக்கும் நேரமும் சேரும். உட்கார்ந்து வந்த சீட்டும் போய்விடும்.

"பஸ் எண்ணிக்கை குறையவில்லை" என்று சொன்னால் நாம் அதோடு விட்டுவிடக் கூடாது. "மாறி ஏற வேண்டிய பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று? காலை 5 மணிக்கு எப்படி? இரவு 9 மணிக்கு எப்படி?" என்று கேட்க வேண்டும்.

மாறும் இடம் எப்படி இருக்கணும்?

ஆபீஸ் பையோடு போகிறவருக்கு மாறி ஏறுவது சின்ன வேலை. இடுப்பில் குழந்தை, கையில் மீன் கூடை, கூடவே முட்டி வலிக்கும் மாமியார் என்று போகும் நமக்கு அது பெரிய வேலை. காசிமேட்டில் விடியற்காலையில் சரக்கு எடுக்கும் சகோதரிகளுக்கு ஐந்து நிமிடத் தாமதம் என்றால் ஐஸ் கரைகிறது, விலை இறங்குகிறது. நல்ல மாறும் இடத்தில் இவை இருக்க வேண்டும்:

• இறங்கிய பக்கத்திலேயே அடுத்த பஸ் ஏற வேண்டும். கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டைக் குறுக்கே கடக்கும்படி இருக்கக் கூடாது.
• நிழற்குடை, உட்கார இடம், குடிதண்ணீர், பூட்டாமல் இருக்கும் கழிப்பறை.
• இரவில் நல்ல வெளிச்சம். பக்கத்தில் கடையோ ஆள் நடமாட்டமோ இருக்க வேண்டும்.
• எந்த நம்பர் பஸ், எங்கே நிற்கும், எப்போது வரும் என்று தமிழில் பலகை.
• கூடையை இறக்கி ஏற்ற இடம். தாழ்தளப் பஸ் வந்தால் இன்னும் நல்லது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பஸ்கள் ஓடத் தொடங்கின. படி ஏற முடியாத பாட்டிகளுக்கு அது எவ்வளவு உதவி என்று சொல்லத் தேவையில்லை.
• கடைசி மெட்ரோவில் இறங்குகிறவர்களுக்கு ஒரு கடைசி இணைப்புப் பஸ்.

நம் பகுதியில் விம்கோ நகரில் மெட்ரோவும் மின்சார ரயிலும் அருகருகே இருக்கின்றன. எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர் பக்கம் போகும் பஸ்களும் அங்கேயே வசதியாக நின்று ஏற்றினால் மாறுவது சுலபமாகும்.

கூடை வைத்திருப்பவரை இறக்கிவிடுவது பற்றியும் ஒரு வார்த்தை. 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த ஒரு மூதாட்டியை வாடை அடிக்கிறது என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது பெரிய செய்தியானது. முதலமைச்சரே கண்டித்தார், ஊழியர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். நேராகப் போகும் ஒரு பஸ்ஸில் ஒரு முறை ஏறினால் போதும். இரண்டு பஸ் என்றால் அந்தப் பேச்சையும் இரண்டு முறை கேட்க நேரும். ஊழியர்களுக்கான அறிவுரையும் ரூட் மாற்றத்தோடு சேர்ந்தே வர வேண்டும்.

காசு கணக்கு

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. மாநிலத் திட்டக் குழு செய்த ஆய்வில், இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக ரூ.888 மிச்சமாகிறது என்று தெரிந்தது. நம் குழுச் சேமிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள், இது சின்னத் தொகையா?

சாதாரணக் கட்டணப் பஸ்ஸிலிருந்து இன்னொரு சாதாரணக் கட்டணப் பஸ்ஸுக்கு மாறினால் இலவசப் பயணத்தில் நமக்குச் செலவில்லை. கூட வரும் மகனுக்கோ கணவருக்கோ இரண்டு டிக்கெட். மாறி ஏறுவது எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் பஸ் என்றால் 2021 ஏற்பாட்டில் அது சேரவில்லை. மெட்ரோவுக்குத் தனிக் காசு. 2021 பிப்ரவரியில் அறிவித்த கட்டணத்தில் 2 கிலோமீட்டர் வரை ரூ.10, 5 வரை ரூ.20, 12 வரை ரூ.30 என்று இருந்தது. போக வர தினமும் கொடுத்தால் மாதக் கடைசியில் அந்த 888 ரூபாய் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். அதனால் "மெட்ரோ இருக்கே" என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி சாதாரணக் கட்டணப் பஸ்ஸைக் குறைப்பதை நாம் ஒத்துக்கொள்ள முடியாது.

2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' என்ற செல்போன் செயலி வந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட்டாக அதில் எடுக்கலாம். நல்ல தொடக்கம்தான். ஆனால் ஸ்மார்ட் போன் இல்லாத சகோதரிக்கும் அதே வசதி எப்படிக் கிடைக்கும் என்று கேட்பது நம் வேலை.

வெளியூர் சொல்லும் பாடம்

தென்கொரியாவின் தலைநகரம் சியோல். அங்கே 2004 ஜூலை 1 அன்று பஸ் ரூட்டுகளை மொத்தமாக மாற்றினார்கள். முதன்மைப் பஸ்ஸுக்கு நீலம், இணைப்புப் பஸ்ஸுக்குப் பச்சை என்று வண்ணம் கொடுத்தார்கள். முதல் சில நாட்கள் கார்டு மெஷின் வேலை செய்யாமல் ஒரே குழப்பம், மேயரே மன்னிப்புக் கேட்டார். ஆனால் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் பஸ்ஸோ ரயிலோ மாறி ஏறினால் மறுபடியும் முதலிலிருந்து கட்டணம் கிடையாது, மொத்தப் பயணத் தூரத்துக்குத்தான் காசு. கொஞ்ச நாளில் மக்கள் பழகிக்கொண்டார்கள்.

தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் தலைநகரம் சாண்டியாகோ. அங்கே 2007 பிப்ரவரி 10 அன்று ஒரே நாளில் எல்லா ரூட்டும் மாறின. நேராகப் போனவர்கள் இரண்டு மூன்று முறை மாற வேண்டி வந்தது. தேவையான அளவு பஸ் இல்லை. மெட்ரோ நிலையங்களில் மூச்சுவிட முடியாத கூட்டம். நாட்டின் அதிபரே மக்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

இரண்டு ஊரும் செய்தது ஏறக்குறைய ஒரே காரியம். போதுமான இணைப்புப் பஸ்ஸைத் தயாராக வைத்துக்கொண்ட ஊர் தப்பித்தது.

நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. வெளியூர் பஸ் நிலையம் 2002-ல் பிராட்வேயிலிருந்து கோயம்பேட்டுக்குப் போனது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் திறந்து, தென் மாவட்ட பஸ்கள் அங்கே போயின. எண்ணூரிலிருந்து ஊருக்குப் போக வேண்டியவர் முதலில் நகரத்தையே கடக்க வேண்டியதாயிற்று. 2024 பிப்ரவரியில் நள்ளிரவில் பஸ் கிடைக்காமல் அங்கே மக்கள் சாலை மறியலே செய்தார்கள். வடசென்னை மக்களை மனதில் வைத்து ஒரு பகுதி தென் மாவட்ட பஸ்களை மாதவரத்திலிருந்தும் விட்டார்கள். திட்டத்தைத் திருத்த முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

பிராட்வே நிலையத்தை குறளகத்தோடு சேர்த்துப் பெரிய முனையமாகக் கட்டும் திட்டத்துக்காக 2025-ல் ராயபுரத்தில் ஒரு தற்காலிக நிலையம் கட்டினார்கள். தற்காலிகம் என்பது நம் ஊரில் பல வருடம் இழுக்கும். ஆகவே அங்கேயும் வெளிச்சம், கழிப்பறை, தண்ணீர் எல்லாம் நிரந்தர நிலையத்துக்குச் சமமாக வேண்டும் என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

கணக்கில் நாம் இருக்கிறோமா?

எந்த ரூட்டில் எத்தனை பேர் போகிறார்கள் என்று அதிகாரிகள் முக்கியமாக டிக்கெட் கணக்கை வைத்துத்தான் பார்ப்பார்கள். இலவசப் பயணத்துக்கும் கண்டக்டர் ஒரு டிக்கெட் கொடுக்கிறார். "ஃப்ரீ தானே" என்று வாங்காமல் உட்கார்ந்துவிடாதீங்க. அந்தச் சீட்டு இல்லையென்றால் அன்றைக்கு நீங்கள் அந்தப் பஸ்ஸில் போகவே இல்லை என்றுதான் கணக்கு. ஆள் குறைவு என்று ட்ரிப்பை எடுத்துவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

டிக்கெட் கணக்கில் வராத இன்னொன்றும் இருக்கிறது. பஸ் வராததால் ஷேர் ஆட்டோவில் போனவரும், நடந்தே போனவரும், வேலைக்கே போகாமல் வீட்டில் இருந்துவிட்டவரும் எந்த மெஷினிலும் பதிவாக மாட்டார்கள். அவர்களை நாம்தான் எண்ணிக் காட்ட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

1. ஒவ்வொரு குழுவும் ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு, எந்த நம்பர் பஸ், எவ்வளவு நேரம் நின்றோம், எங்கே மாறினோம், எவ்வளவு செலவு என்று ஆறு பத்தி போதும். எழுதத் தெரியாத உறுப்பினருக்கு ஊக்குநரோ பிரதிநிதியோ, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோ எழுதிக் கொடுக்கலாம்.

2. நம் ஸ்டாப்பில் காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் இரண்டு பேர் நின்று வந்த பஸ்களை நேரத்தோடு எழுதுங்கள்.

3. மனுவில் "எங்கள் பகுதிக்கு பஸ் வசதி இல்லை" என்று பொதுவாக எழுதினால் கோப்பில் தூங்கும். "இந்த ஸ்டாப்பில் இந்தத் தேதி காலை 5 முதல் 6 வரை இத்தனை பேர் நின்றோம், இத்தனை பஸ் வந்தது, இந்த நேரத்தில் ஒரு ட்ரிப் வேண்டும்" என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.

4. மனுவை பல்லவன் சாலையில் பல்லவன் இல்லத்தில் இருக்கும் எம்.டி.சி. தலைமை அலுவலகத்துக்கும், பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் இணைத்துத் திட்டமிடும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கும் (கும்டா) அனுப்புங்கள். ஒரு நகலை வார்டு கவுன்சிலர் அலுவலகத்தில் கொடுத்து, நம் நகலில் முத்திரை வாங்குங்கள்.

5. 2022 நவம்பர் முதல் நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டம் நடக்கத் தொடங்கியது. கூட்டம் போடும்போது பத்துப் பேராகப் போய் பஸ் விஷயத்தைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

6. ஒரு ரூட்டில் தினம் எத்தனை ட்ரிப், மாற்றத்துக்கு முன் எத்தனை, பின் எத்தனை என்று 2005-ம் வருட தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை.

சகோதரிகளே, புது ரூட் வரட்டும், புது முனையமும் வரட்டும், நாம் எதற்கும் எதிரி இல்லை. ஆனால் வரைபடத்தில் ஒரு கோட்டை இரண்டாக வெட்டுகிறவருக்கு, அந்த வெட்டில் இறங்கி நிற்கப்போவது யார், என்ன சுமையோடு, எந்த நேரத்தில் என்று நாம் சொல்லாமல் தெரியாது. கூட்டமைப்பின் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது பாஸ்புக்கோடு பஸ் நோட்டையும் மறக்காமல் எடுத்து வாங்க!